அத்தர் வீட்டு நாற்றம்

மண்டபத்திலிருந்து பரமக்குடி வரைக்கும் எந்தத் துலுக்க வீட்டில் நிக்காஹ் என்றாலும், பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் மரைக்காயர்பட்டினம் அத்தர்க் கடைக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். வாவு முகம்மதுவின் மூக்குக்கு அவ்வளவு பெயர். குப்பியைத் திறந்து, கண்ணை மூடி, ஒரு இழுப்பு இழுத்து, "இதை மல்லிகைன்னு சொல்லி யாரோ உங்க தலையில கட்டிட்டாக" என்று அவர் சொல்லிவிட்டால், அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்த மூக்கு செத்துப்போய் நாலு வருஷம் ஆகிறது.

ஒரு விஷக் காய்ச்சல். பிழைத்தால் போதும் என்று எல்லாரும் துஆ கேட்டார்கள், பிழைத்தார். ஆனால் காய்ச்சல் இறங்கிப் போகும்போது மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து ரோஜா அத்தரும் ஒன்றுதான், வாளைக் கருவாடும் ஒன்றுதான். இது தெரிந்த ஒரே ஜீவன் அவர் மனைவி ரம்ஜான் பீவி. கடை நடப்பது அவள் மூக்கில்.

எப்படி என்றால், கடை என்பது வீட்டின் முன் அறைதான். உள் அறைக்கும் அதற்கும் நடுவில் ஒரு திரை. யாராவது குப்பியை நீட்டினால், "வெளிச்சத்துல நெறம் பார்த்துட்டு வாரேன்" என்று வாவு உள்ளே போவார். பீவி ஒரு சொட்டைக் கையில் தடவி முகரத் தொடங்குவாள்; மணம் பிரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் கண்ணை மூடி மூச்சை இழுப்பார். திரைக்குப் பின்னால் வளையல் ஒரு தரம் குலுங்கினால் அசல். இரண்டு தரம் குலுங்கினால் கலப்படம். குலுங்கவே இல்லை என்றால் அவள் உலை பொங்குகிறதென்று அடுப்படிக்கு ஓடிவிட்டாள் என்று அர்த்தம். அப்போது வாவு நெற்றியைத் தடவிக்கொண்டு, "நாளைக்கு வாங்க, இன்னைக்கு மூக்கு களைச்சுப்போச்சு" என்பார். அதற்கும் ஜனங்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். பெரிய மூக்கு, களைக்கத்தானே செய்யும்!

"சொல்லித் தொலைச்சாத்தான் என்ன?" என்று பீவி ஒரு தரம் கேட்டாள்.

வாவு பதறிப்போனார். "மூக்கில்லாதவன்ட்ட எவன் அத்தர் வாங்குவான்? கடையை மூடிட்டுக் கருவாடு விக்கத்தான் போவணும். அதுக்கும் மூக்கு வேணும்!"

இப்படி இருக்கையில்தான் கீழக்கரை ஹமீது சுல்தானின் இரண்டாவது மகளுக்கு நிக்காஹ் பேசி முடிந்தது. தோணி முதலாளி. மாப்பிள்ளை வீடு கொழும்பு. மாப்பிள்ளைக்கு, மணமகளுக்கு, சபைக்கு, பந்திக்கு என்று எல்லாவற்றுக்கும் அத்தரை இந்தத் தடவை அவரே நேரில் வந்து பார்த்து எடுப்பதாகச் சொல்லி அனுப்பினார். இந்த ஒரு கல்யாணம் கையில் நின்றால் கீழக்கரைப் பெரிய வீடுகள் அத்தனையும் நின்ற மாதிரி. இது நழுவினால் அத்தனையும் மதுரைக் கடைகளுக்குப் போய்விடும். வாவுவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாம்பனிலிருந்து ஆள் வந்து நிற்கிறான். மகள் உம்மு ஹபீபாவுக்கு வலி கண்டுவிட்டதாம்.

"இன்னைக்கா?" என்றார் வாவு, ஏதோ பேறுகால வலி அவரைக் கேட்டுத்தான் வர வேண்டும் என்பதுபோல.

"பிள்ளை உங்க முதலாளிக்காகக் காத்துக்கிட்டிருக்குமா?" என்று பீவி முக்காட்டை இழுத்துப் போட்டாள். போகும் அவசரத்திலும் குப்பிகளை வரிசையாக அடுக்கி வைத்தாள். "இடது ஓரத்துலேர்ந்து ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டுங்க. எல்லாம் அசல். கண்ணை மூடுங்க, மூச்சை இழுங்க, மாஷா அல்லான்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் பேசாதீக. பேசுனீகன்னா மாட்டிக்குவீக."

புறப்படும்போது கொல்லைப்பக்கம் கையைக் காட்டி, "செபஸ்தியான் வந்தா அந்த ஆமை முட்டையை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள்.

ஆமை முட்டை விவகாரம் இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்தபோது, கொல்லை வீட்டின் பக்கவாட்டில் நீளும் இடத்தில், கடை அறை ஜன்னலுக்குக் கீழே, மக்கிப்போன தென்னங்கட்டையின் ஓரம், மண்ணுக்குள் பாதி புதைந்த மாதிரி இரண்டு வெள்ளை முட்டைகள் கிடந்தன. விரலால் அமுக்கினால் அமுங்கியது. இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு மண்ணில் மெத்தென்று வெள்ளை முட்டை கிடந்தால் அது ஆமை முட்டைதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடல் கூப்பிடு தூரம். ராத்திரி கொல்லைக் கதவைத் தாழ் போடாததற்குப் பீவி அவரைத் திட்டியும் முடித்துவிட்டாள். ஆமை அவர்களுக்கு மார்க்கப்படி ஆகாது, முட்டையையும் தின்பதில்லை. தங்கச்சிமடம் செபஸ்தியான் மீன் கொண்டுவந்தபோது சொன்னார்கள். "தோண்டிராதீக மரைக்காயரே, மிச்சம் உள்ள இருக்கும். ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சு வாரேன். காக்கா கொத்தாம மூடி வைங்க" என்றான். ஓலைக்கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

பீவி ரயிலுக்குப் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டு ஜுனைதாவின் தலை சுவருக்கு மேலே தெரிந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணே! உங்க வீட்டுல எது செத்துக் கெடக்கு?"

"எங்க வீட்டுலயா?"

"உங்க வீட்டுலதான். காத்து அங்கனேர்ந்துதான வருது. குடலைப் பொரட்டுது. உங்களுக்குத் தெரியலையா?"

வாவு அவசரமாக ஒரு தரம் மூச்சை இழுத்துப் பார்த்தார். "தெரியாம? விடியும்போதே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா இப்படி உட்கார்ந்திருக்கீக? உங்க மூக்குக்கு எங்களைவிடப் பத்து மடங்குல்ல நாறணும்!"

"பழக்கம்மா, பழக்கம்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

மூக்கு இல்லாதவன் நாற்றத்தைத் தேடுவது எப்படி? கண்ணால்தான் தேடினார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். பாயை உதறினார். அரிசிப் பானைக்குள் கையை விட்டார். எலி இல்லை, பல்லி இல்லை. மூலையில் பூனை படுத்திருந்தது. ஒருவேளை செத்துவிட்டதோ என்று காலால் தொட்டார். அது எழுந்து அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போயிற்று. அதற்கும் நாற்றம் தாங்கவில்லை போலிருக்கிறது.

வீட்டில் ஒன்றும் இல்லை என்றால் மிச்சம் என்ன? குப்பிகள்! வாவு அப்படியே நின்றுவிட்டார். மழை ஈரம் உள்ளே இறங்கி அத்தர் கெட்டுவிட்டதோ? அத்தர் கெடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த நேரத்தில் தன் பெயர் கேட்டிருந்தாலும் அவர் தடுமாறியிருப்பார். எல்லாக் குப்பிகளையும் திறந்து ஒவ்வொன்றையும் மூக்குக்குள்ளேயே நுழைத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. எந்த மூடி எந்தக் குப்பிக்கு என்று குழம்பி, வரிசையும் கலைந்து, கையில் கிடைத்த மூடியைப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது; வாசலில் கார் ஹாரன் கேட்டது.

ஹமீது சுல்தான் பெரிய மனிதர். இன்னொருவர் வீட்டுச் சோற்றில் கல் கிடந்தால்கூட விழுங்கிவிட்டு, நன்றாயிருக்கிறது என்பவர். "அஸ்ஸலாமு..." என்று வாசலில் தொடங்கியவர் பாதியில் நின்றார். கைக்குட்டையை எடுத்து மீசையைத் துடைப்பதுபோல மூக்கில் வைத்து, மிச்ச சலாமைக் கைக்குட்டைக்குள்ளேயே சொல்லி முடித்தார்.

வாவு முதல் குப்பியைத் திறந்து அவர் மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தடவினார். பிறகு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னிடம் இல்லாத மூக்கை அந்த முகத்தில்தானே தேட முடியும்!

ஹமீது சுல்தான் கைக்குட்டையை விலக்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"எப்படி முதலாளி?"

"ம்."

ஒன்று போச்சு என்று வாவு கணக்கு வைத்துக்கொண்டார். அடுத்த குப்பி. முதலாளி இருமினார். அதுவும் போச்சு. அதற்கடுத்ததில் எழுந்து ஜன்னல் பக்கம் காற்று வாங்கப் போனவர், போன வேகத்தைவிட வேகமாகத் திரும்பி வந்தார். வாவுவுக்கு அழுகை முட்டியது. கடையில் இருந்த சரக்கு முழுக்க நாறிக்கொண்டிருக்கிறது, அதை எடுத்து எடுத்து ஊரிலேயே பெரிய மனிதர் கையில் பூசிக்கொண்டிருக்கிறார்! ஆனாலும் பீவி சொன்னது மறக்கவில்லை. கண்ணை மூடினார், மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தார். "மாஷா அல்லா" என்றார்.

அதைப் பார்த்ததும் ஹமீது சுல்தான் முகம் மாறியது. இந்த நாற்றத்தில், இந்தச் சீமையின் பெரிய மூக்கு, இப்படி ஆசை ஆசையாக மூச்சை இழுக்கிறது என்றால் இதில் ஏதோ இருக்கிறது. மெல்லக் கிட்டே வந்து குனிந்தார்.

"வாவு, மறைக்காமச் சொல்லு. அம்பர் கெடைச்சிருக்கா?"

அம்பர் என்றால் திமிங்கலம் கக்குவது. கடலில் மிதந்து எப்போதாவது கரை ஒதுங்கும். பச்சையாக இருக்கும்போது கிட்டே போக முடியாது. பக்குவமானால் அத்தர்க்காரன் அதைத் தங்கத்துக்கு மேல் வைத்துக் கும்பிடுவான். ஹமீது சுல்தானின் வாப்பா ஒரு துண்டை வைத்துத் தோணி வாங்கியதாகக் கீழக்கரையில் பேச்சு.

முங்கிக்கொண்டிருந்த வாவுவுக்கு ஒரு கட்டை கிடைத்தது. பொய் சொல்லவில்லை. நிஜமும் சொல்லவில்லை.

"முதலாளி மூக்குக்குத் தப்புமா?" என்றார்.

ஹமீது சுல்தான் பூரித்துவிட்டார். "அதான பார்த்தேன்! உள்ள வரும்போதே நெனைச்சேன். எங்கன வச்சிருக்க? காட்டு. கல்யாண அத்தர் அம்புட்டும் உன்கிட்டதான், அம்பரும் எனக்குத்தான்."

"இன்னும் பக்குவம் ஆகல முதலாளி..."

"ஆகாட்டி என்ன? பார்த்துட்டுத்தான் போவேன்."

வெளியே அதற்குள் தெருவே கூடியிருந்தது. மீனோடு பிறந்து மீனோடு வாழ்கிறவர்கள். நாற்றம் என்றால் அதற்குப் பெயர் சொல்லாமல் விடமாட்டார்கள். ஒருவர் திருக்கை என்றார். இன்னொருவர், திருக்கைக்கு மூத்திர வாடை தூக்கும், இது கணவாய் என்றார். சுறா ஈரல் என்று சத்தியம் செய்தார் ஒரு பெரியவர். நடுவில் செபஸ்தியான் வந்து சேர்ந்தான். பூசைக்குப் போட்ட சலவைச் சட்டை, கையில் முட்டைக்கு ஓலைப்பெட்டி. மூக்கை மேலே தூக்கிக் காற்றைப் பிடித்தான்.

"எல்லாம் சும்மா இருங்கப்பா. இது மீனே இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தான். கூட்டம் பின்னால் போனது. ஹமீது சுல்தானும் வாவுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கூடை சாய்ந்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஈ கரும்போர்வையாக மொய்த்தது.

"கூடையைப் போட்டு மூடியிருக்கியா? கெட்டிக்காரன்யா நீ!" என்று முதலாளி காதில் சொன்னார்.

செபஸ்தியான் காலால் கூடையைத் தள்ளினான்.

முட்டைகளில் ஒன்று கிழிந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு சாண் உயரத்துக்கு, பஞ்சு மாதிரி வெள்ளைத் தண்டு ஒன்று நிமிர்ந்து நின்றது. தலையில் கரும்பச்சையாக வழவழவென்று ஏதோ வழிந்தது. தலைக்குக் கீழேயிருந்து தரை வரைக்கும் ஒரு வெள்ளை வலை பாவாடையாக விரிந்து தொங்கியது. கண் கண்ணாக, ஒரு பிசிறு இல்லாமல், நெய்தவன் கை நோக நெய்த வலை. பிறகு மண்டபத்துப் பள்ளிக்கூடத்து சயன்ஸ் வாத்தியார் கேள்விப்பட்டு ஓடிவந்து, மண்ணில் மிஞ்சியிருந்த அடியைப் பார்த்துவிட்டு, இது காளானில் ரொம்ப அபூர்வமான ஜாதி, இந்த உப்பு மண்ணில் இது எப்படி முளைத்தது என்று தனக்கே புரியவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் ஏதோ காளான் என்பதற்கு மேல் யார் என்ன கண்டது? அதன் உருவம் வேறு சபையில் சொல்லும்படியாக இல்லை. "அஸ்தஃபிருல்லா!" என்று ஹமீது சுல்தான் முகத்தைத் திருப்பினார். "பொம்பளைங்க யாரும் பார்க்காதீக!" சுவருக்கு மேலே ஜுனைதாவோடு இன்னும் நாலு தலைகள் முளைத்தன. எல்லாரும் மூக்கைத்தான் பொத்தியிருந்தார்கள், கண்ணை அல்ல.

கூடை போனதும் அடைபட்டிருந்த நாற்றம் மொத்தமாக வெளியே வந்தது. கூட்டம் விழுந்தடித்துக்கொண்டு பின்வாங்கியது. செபஸ்தியான் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு, பூசைக்கு அப்புறம் சாப்பிட்டதை எல்லாம் திருப்பிக் கொடுத்தான்.

வாவு மட்டும் முன்னால் போனார். அவர் கண்ணுக்கு அந்த வலையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து, அதன் தலைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு பார்த்தார். வலையை விரலால் தொட்டுத் தூக்கினார்.

"சுப்ஹானல்லா! இம்புட்டு அழகா ஒண்ணை நான் பார்த்ததே இல்ல. வாங்க முதலாளி, கிட்ட வந்து பாருங்க..."

 திரும்பிப் பார்த்தார். தெரு முழுக்கச் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றது. எல்லார் கையும் மூக்கில், எல்லார் கண்ணும் அவர் மேல்.

"வாவு," என்றார் ஹமீது சுல்தான் கைக்குட்டைக்குள்ளிருந்து, "இப்ப உனக்கு என்ன வாசனை வருது?"

"கொஞ்சம்... காட்டமா இருக்கு."

செபஸ்தியான் மறுபடி மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

வாவுவுக்கு அதற்கு மேல் முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணும் வரல முதலாளி. நாலு வருஷமா எனக்கு ஒண்ணுமே வரல."

"அம்பர்?"

"அம்பரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"அப்ப என் மூத்தவ நிக்காஹுக்குப் போன வருஷம் எடுத்துக் கொடுத்தியே? அதுக்கு வந்திருந்த கொழும்புக்காரங்க இன்னும் அதையே சொல்லிக்கிட்டிருக்காக. அது யாரு பார்த்தது?"

"என் வீட்டுக்காரி."

ஹமீது சுல்தான் கைக்குட்டைக்கு மேலாக வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். செபஸ்தியான் வாயைத் துடைத்துக்கொண்டு, ஆமை முட்டைக்குள் காளான் எப்படி வரும், இதைச் சாமியாரிடம் கேட்டாக வேண்டும் என்று தனக்குள் புலம்பிக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரம்ஜான் பீவி வந்து இறங்கினாள். மகளுக்கு வந்தது பொய் வலி என்று தெரிந்ததும் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டாள். தெருமுனையிலேயே முக்காட்டால் மூக்கைப் பொத்தியவள், கொல்லையில் கூடியிருந்த கூட்டத்தையும், மண்டி போட்டிருந்த புருஷனையும், அவர் முன்னால் நின்றதையும் பார்த்தாள். ஒருவரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சொல்லிட்டீகளா?"

"நான் சொல்லல புள்ள. இதுதான் காட்டிக் குடுத்துருச்சு."

"நல்லாருக்கு! நாலு வருஷமா வளையலைக் குலுக்கிக் குலுக்கி என் கை ஓய்ஞ்சுபோச்சு. கடைசியில ஒரு காளான்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்துட்டு நிக்கிறீகளே!" என்றாள். பிறகு செபஸ்தியானைப் பார்த்தாள். "ஏப்பா, உன் முட்டைதான இது? இன்னொண்ணு வெடிக்காமக் கெடக்கு. ரெண்டையும் எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

"எனக்கு வேணாம்க்கா!"

"வேணாமா? அப்ப வெட்டி எடுத்துக் கடல்ல போட்டுட்டுப் போ."

அவன் வெட்டி எடுத்துப் போனான். வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டு, காற்றுக் கொஞ்சம் தெளிந்ததும் ஹமீது சுல்தான் மறுபடி முன் அறையில் வந்து உட்கார்ந்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் வாவு நினைத்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, திரையைப் பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி, என் மகளுக்கு எதை எடுக்கலாம்?"

"செத்த பொறுங்க முதலாளி. இவுக மூடியை எல்லாம் மாத்திப் போட்டு வச்சிருக்காக."

ஒவ்வொன்றாக முகர்ந்து, மூடியைச் சரிசெய்து, கடைசியில் ஒரு குப்பியைத் திரைக்கு வெளியே நீட்டினாள். வாவு அதை வாங்கி, ஒரு குச்சியில் தொட்டு ஹமீது சுல்தான் கையில் வைத்தார். அவர் முகர்ந்தார். அந்த முகம் மலர்ந்ததை வாவு பார்த்தார். "இதுதான், இதுதான். கல்யாணம் முழுக்க இதே இருக்கட்டும்" என்று முதலாளி சொன்னபோது வாவுவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே ஒரு பொறாமையும் வந்தது. தன் கடை அத்தர், அது அந்த மனிதருக்குள் என்ன செய்தது என்று தனக்குத் தெரியவில்லையே!

இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லார் முன்னாலும் கேட்டார்.

"ஏ புள்ள, இது எப்படி இருக்கு? எனக்கும் சொல்லேன்."



"மகிழம்பூ," என்றாள் பீவி. "மழை விட்ட பெறகு உதிர்ந்து கெடக்குமே, அந்த மகிழம்பூ. அடியில லேசா சந்தனம். நம்ம நிக்காஹ் அன்னைக்கு உங்க சட்டையில இருந்துச்சே, அதுதான். இந்த நாலு வருஷத்துலயே நாலஞ்சு தரம் நம்ம கடைக்கு வந்திருக்கு."

வாவு திரைப்பக்கம் திரும்பினார். "வந்திருக்கா? ஏன் புள்ள ஒரு தரம்கூடச் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீக? அசலா, கலப்படமான்னுதான கேட்டீக."

ஹமீது சுல்தான் தலையைக் குனிந்துகொண்டார். வாவு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் குப்பியிலிருந்து தன் சட்டையில் ஒரு சொட்டு வைக்கப் போனார்.

"அதைத் தொடாதீக! அந்தக் கருமத்தைத் தடவுன கை. இங்கன வரைக்கும் நாறுது. போய்க் கழுவிட்டு வாங்க."

வாவு கிணற்றடிக்குப் போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். திரும்பி வந்து, திரைக்குப் பக்கமாகக் கையை நீட்டி, தெருவில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி, "இப்ப?" என்றார்.

"இன்னும் போகல."

மறுபடி கழுவப் போனார்.